ரெண்டும் சரிதான்

நான்கு விடைகளில் சரியான ஒன்றைக் கண்டுபிடிப்பது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பஜ்ஜிக் கடையில்தான் திணறுவாள். வாழைக்காயா வெங்காயமா என்று கடைக்காரர் கேட்டால் போதும், காசைக் கையில் இறுக்கிக்கொண்டு எண்ணெய்ச் சட்டியையே பார்த்து நிற்பாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் கடைக்காரர் கேட்பதையே நிறுத்திவிட்டார். அவராக ஏதோ ஒன்றை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அப்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். என்ன பஜ்ஜி என்றுகூடப் பார்க்காமல் தின்பாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நானும் அவளும் ஒரே பெஞ்சு. அரசுப் பெண்கள் பள்ளி. என் வீடு உத்திரமேரூரிலேயே. அவள் மானாம்பதியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மா நாற்று நடப் போவாள், களை எடுக்கப் போவாள், அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாது. நேரில் கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது.

ஒன்பதாம் வகுப்பில் லீடர் தேர்தல் நடந்தது. நின்றவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே எங்களுக்கு வேண்டியவர்கள். சீட்டு எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். எண்ணும்போது ஒரு சீட்டில் இரண்டு பெயரும் இருந்தது, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில். டீச்சர் கையெழுத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் அவளை ‘செல்லாத ஓட்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குடவோலை சலித்துப்போன சங்கதி. கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது; வருஷா வருஷம் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் அதன் எதிரே நிறுத்தி, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே தேர்தல் நடந்தது என்று சொல்வார்கள். நாங்கள் வெயிலில் நெளிந்துகொண்டு நிற்போம். அவளுக்கு மட்டும் அது சலிக்கவேயில்லை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்பதை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போல் கேட்பாள். ஒருமுறை திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாள்: “யாரையும் வாணாம்னு நம்ம வாயால சொல்லத் தேவையில்ல பாரு. எவ்ளோ நல்லா கீது.”

பன்னிரண்டாம் வகுப்பில் சனிக்கிழமைதோறும் பள்ளியிலேயே நீட் பயிற்சி நடந்தது. எங்கள் உயிரியல் டீச்சர்தான் நடத்தினார். மாதிரித் தேர்வில் நாங்கள் எல்லாம் பேனாவைக் கடித்துக்கொண்டு இருக்கும்போது இவள் முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். பஜ்ஜி வாங்கத் தெரியாதவள் இதை எப்படிச் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“இங்க எது சரின்னு யாரோ முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிட்டாங்க. நா அத கண்டுபுடிச்சா போதும். பஜ்ஜி அப்பிடியில்ல. ரெண்டும் சரியா கீது. அதான் பேஜாரு.”

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பு அவள் அம்மாவுக்குக் கால் வீங்கியது. வெயிலில் நின்றதால் என்று நினைத்தார்கள். அப்புறம் முகமும் வீங்கியது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொல்லி டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள். மூன்று நாளும் இவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். பள்ளியில் டீச்சர்கள் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். அம்மாவின் ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்த் திரும்பி வருகிற நாலு மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பாள். சிறுநீரகப் பாடத்தில் அவளுக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைந்ததில்லை. அம்மா படுக்கிற இடத்திலேயே படித்தது என்று டீச்சர் சொல்வார். அதைக் கேட்டால் அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

தேர்வை நானும்தான் எழுதினேன். எனக்கு வரவில்லை. கொஞ்ச மதிப்பெண்ணில் போயிற்று. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள அது தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று இருக்கிற ஒதுக்கீட்டில் அவள் பெயர் பட்டியலில் ஏறியது. எங்கள் பள்ளியில் அதுவரைக்கும் யாரும் மருத்துவம் போனதில்லை. தலைமை ஆசிரியை அவள் படத்தைப் போட்டு பேனர் அடிக்கச் சொல்லிவிட்டார்.

போன வருஷப் பட்டியலை வைத்துக்கொண்டு டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவள் முறை வரும்போது அவள் பிரிவில் இரண்டு இடம் மிஞ்சும் என்றார். ஒன்று தெற்கே ஒரு அரசு மருத்துவக் கல்லூரி. ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய ஊர். இன்னொன்று தனியார் கல்லூரி. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒதுக்கீட்டில் போகிறவர்களுக்கு எந்தக் கல்லூரியானாலும் கட்டணம் அரசாங்கத்தின் பொறுப்பு என்பதால் பணத்தை வைத்து முடிவு செய்யவும் வழியில்லை.

டீச்சர் அரசுக் கல்லூரிதான் என்றார். ஆயிரம் நோயாளிகள் வந்து போகிற இடத்தில் கற்றுக்கொள்வது வேறு, ஆள் வராத கட்டிடத்தில் புத்தகம் படிப்பது வேறு என்பது அவர் பேச்சு. மாகறலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவளுடைய தாய்மாமனும் அதைத்தான் சொன்னார். அக்காவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவது இனிமேல் தன் பாடு என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தெருவில் மற்றவர்கள், பெற்றவள் இப்படிக் கிடக்கும்போது பெண் அத்தனை தூரம் போவாளா என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அவள் எல்லோர் சொல்வதற்கும் தலையாட்டினாள். மனசார ஆட்டினாள் என்பதுதான் கஷ்டம்.

அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. நான் அங்கே இருந்த ஒருநாள் அவள் அம்மாவின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, நீயாவது சொல்லேன் என்று கேட்டாள்.

“எனுக்கு இன்னா கண்ணு தெரியும். எங்க படிச்சாலும் நீ டாக்டருதான்.”

ஊர் அம்மன் கோயிலில் பூ கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் தூரம், சிவப்பு வந்தால் பக்கம். ஒரு சின்னக் குழந்தையை விட்டுப் பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை பார்க்கலாமா என்று இவள் மெதுவாகக் கேட்டாள். பூசாரிக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் செய்தார். சிவப்பு வந்தது. மூன்றாவது தடவை கேட்பது அம்மனைச் சோதிக்கிற மாதிரி என்று சொல்லி விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கலந்தாய்வு நாள் அம்மாவுக்கு டயாலிசிஸ் நாளாக அமைந்துவிட்டது. மாமா அம்மாவோடு செங்கல்பட்டுக்குப் போனார். அவளுக்குத் துணையாகச் சென்னைக்கு நான் போனேன். கூட ஒருத்தர் உள்ளே வரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

பெரிய அரங்கம். ஏசி குளிர் தாங்காமல் தாய்மார்கள் முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு திரை. அதில் கல்லூரிகளின் பெயர், எதிரே மிச்சம் இருக்கிற இடங்களின் எண்ணிக்கை. யாராவது போய்ச் சொன்னதும் ஓர் எண் குறையும். குறையும்போதெல்லாம் அரங்கத்தில் எங்கோ ஒரு மூச்சு கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பெண்ணின் கால்சட்டையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். இவள் சான்றிதழ் பையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். டீச்சர் சொன்னது சரியாகிவிட்டது. அவள் பெயரைக் கூப்பிட்டபோது அவள் பிரிவில் அந்த இரண்டும் இருந்தன. தூரத்தில் ஒன்று. பக்கத்தில் ஒன்று.

மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நல்ல மாதிரி. அம்மா வரவில்லையா, சாப்பிட்டாயா என்றெல்லாம் விசாரித்துவிட்டு எது வேண்டும் என்று கேட்டார். இரண்டாம் தடவை கேட்டார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அவளுடைய கை என் கையைப் பிடித்தது. ஈரமாக இருந்தது.

“நீ சொல்லுடி. நீ எத சொன்னாலும் எடுத்துக்கறேன். அம்மா மேல சத்தியமா.”

எனக்குப் பதில் தெரியும். பக்கத்தில் இருக்கிற கல்லூரி. அம்மாவை விட்டுப் போனால் அவள் ஒரு பக்கம்கூடப் படிக்க மாட்டாள் என்பது ஏழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா? அதுகூட வேண்டாம். ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும், எடுத்துக்கொண்டிருப்பாள், என்ன பஜ்ஜி என்று பார்க்காமல் தின்கிற மாதிரி. நான் சொன்னது இது:

“உன் வாழ்க்கடி. நீதான் முடிவு பண்ணணும்.”

நல்ல வார்த்தைதான். யார் கேட்டாலும் சரியாகச் சொன்னாய் என்பார்கள். அந்த நல்ல வார்த்தைக்குப் பின்னால் நான் என்ன வைத்திருந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். காலையில் பஸ் ஏறியதிலிருந்து, அவள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு எங்கள் தெருவில் நடந்து வருவதை நினைத்து நினைத்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா மூன்றாம் தடவையும் கேட்டார். பின்னால் வரிசை. கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார்ந்து யோசித்துவிட்டு வா, ஆனால் அதற்குள் அடுத்தவர்கள் எடுத்துவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெளிவாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தோம். அடுத்து வந்த பெண் திருவண்ணாமலைப் பக்கம். அவளுடைய அப்பா மேஜைக்கு வருவதற்கு முன்பே கல்லூரிப் பெயரைச் சொல்லிவிட்டார். அரசுக் கல்லூரியின் எதிரே பூஜ்யம் வந்தது.

அப்போதாவது அவள் எழுந்து ஓடியிருக்க வேண்டும். இனிமேல் ஒன்றுதான் மிச்சம், தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். போன இடத்துக்காக அழுகிறாளா, மிச்சம் இருக்கிற இடத்தை எடுப்பதற்கு அழுகிறாளா தெரியவில்லை. எழுந்திரு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மேஜைக்கு நடப்பதற்குள் இன்னொரு பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தனியார் கல்லூரியின் எதிரேயும் பூஜ்யம் வந்தது.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பல் மருத்துவம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறாயா, இல்லை காத்திருப்புப் பட்டியலில் போடட்டுமா என்றார்.

“வெயிட்டிங்லயே போட்டுடுங்க மேடம்.”

அன்றைக்கு அவள் தயங்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் தாம்பரம் தாண்டியதும், ஏண்டி இப்படி என்று கேட்டேன். எனக்குக் கேட்க உரிமை இருந்ததா என்பது வேறு விஷயம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு எட்டு வயசு இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிடுவது என்று முடிவாகி, ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் கூடினார்களாம். பிள்ளை யாரோடு இருப்பது என்ற பேச்சு வந்திருக்கிறது. பிள்ளையையே கேட்டுவிடலாம் என்று அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அம்மா. ஒரு பக்கம் அப்பா. அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தாராம். அவர் எப்போதும் வாங்கி வருகிற முறுக்குப் பொட்டலம் அன்றைக்கும் கையில் இருந்ததாம்.

“ரெண்டு பேரும்னு சொன்னேன். அப்பிடி சொல்லக்கூடாது, ஒருத்தரத்தான் சொல்லணும்னுட்டாங்க. அம்மான்னேன். நைனா துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கினு போனாரு. அப்புறம் வரவேயில்ல. பழையசீவரம் பக்கம் இருக்காருன்னாங்க, செத்துட்டாருன்னாங்க. நா ஒரு வார்த்ததான் சொன்னேன்.”

நான் அவள் தோளைத் தொட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எழுத வருகிறது. எவ்வளவோ செய்திருக்கலாம், அன்று காலையில்.

வீட்டுக்குப் போனபோது அம்மா டயாலிசிஸ் முடிந்து வந்து பாயில் படுத்திருந்தாள். எது கண்ணு என்று கேட்டாள். இவள் சொன்னாள். அம்மா திட்டவில்லை. சோறு இருக்கிறது, போட்டுத் தின்னுங்கள் இரண்டு பேரும் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டீச்சர் திட்டினார். ஊரில் அதைத் திமிர் என்று சொன்னார்கள். ஒரே இடத்தில் இரண்டு டாக்டர் சீட்டு கிடைத்து இரண்டையும் உதறிவிட்டு வந்தவள் என்று கதை மாகறல் வரைக்கும் போயிற்று. பேனர் அச்சாகி வந்து தலைமை ஆசிரியை அறையில் சுருட்டின வாக்கில் மூலையில் நின்றது. இரண்டாவது சுற்றில் அவள் பிரிவுக்கு எதுவும் வரவில்லை. பல் மருத்துவமும் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த வருஷம் மறுபடி எழுதுவது என்று ஆயிற்று. நான் காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன்.

அந்த வருஷம் அவளைத் துணைக்கு வர வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். நீ உட்கார்ந்து படி, தம்பி ஆட்டோவில் கொண்டுபோய் விடுவான், நான் போய் வந்துவிடுவேன். மாமா அம்மாவை உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார். செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிக்கொள்கிறேன், நீ சவாரியைப் பார் என்பாள். அவர் போய்விடுவார். சாயங்காலம் ஆட்டோவில் வீடு திரும்புவாள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று மகள் கேட்டால், நல்லாருக்கு என்கிறார்கள், இனிமேல் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் போதும் என்கிறார்கள் என்பாள். புடவையைக் கணுக்கால் மறைய இறக்கிக் கட்டிக்கொள்வாள். உடம்பைப் பற்றி அத்தனை படித்த பெண், அம்மாவின் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அம்மா சொன்னதை அப்படியே நம்பினாள். யாராவது ஒன்றைச் சொன்னால் எடுத்துக்கொள்கிற வழக்கம்தான்.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். விடிகாலையில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் புக்கத்துறை கூட்டு ரோடு தாண்டவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு பஸ் நிலையத்தில் பூ விற்கிற அம்மா வந்திருந்தார். அவர் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. கடைசி இரண்டு மூன்று வாரமாக அவள் அம்மா செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறியதே இல்லையாம். காலையில் வந்து அவருடைய பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்காருவாளாம். பூ கட்டிக் கொடுப்பாளாம். மத்தியானம் ஒரு டீ குடிப்பாளாம், ஆஸ்பத்திரியில் அதிகம் குடிக்கக்கூடாது என்று சொன்னதை. பஸ் வந்து நின்று கண்டக்டர் செங்கல்பட்டு செங்கல்பட்டு என்று கூவும்போது தலையைத் திருப்பிக்கொள்வாளாம். இவர் எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“நா இருந்தா எம் பொண்ணு ரெண்டு பக்கமும் பாத்துக்கினு நிக்கும், ஒரு பக்கம் கொறஞ்சா போயிடும்னு சொல்லிச்சிம்மா. நா வெளாட்டுக்கு சொல்லுதுன்னு நெனச்சேன்.”

பூக்காரம்மா இதை என்னிடம்தான் சொன்னார், பின்கட்டில் வைத்து, மெதுவாக. அவள் உள்ளே விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்டிருக்காது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அவள் புத்தகங்களை எல்லாம் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்ததைப் பார்த்தபோது கேட்டுவிட்டது என்று தெரிந்தது. மே மாதம் தேர்வுக்குப் போனாள். மாமா கட்டாயப்படுத்தி ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். உள்ளே உட்கார்ந்து முதல் பத்துக் கேள்விக்குப் பதில் போட்டதாகவும், அப்புறம் மணி அடிக்கும்வரை சும்மா இருந்ததாகவும் பின்னால் மாமா சொன்னார்.

அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு வேண்டியதைச் செய்துகொண்டேன் என்பதுதான் சரி. போன் நம்பர் மாறியது. எனக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஐந்து வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் என் அப்பாவுக்கும் அதே வியாதி. சர்க்கரை முற்றி சிறுநீரகத்தில் வந்து நின்றது. செங்கல்பட்டில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் பதிந்தேன். முதல் நாள் அப்பாவைப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினால், பச்சை உடையும் தலையில் துணித் தொப்பியுமாக அவள் வந்தாள்.

டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பு படித்திருக்கிறாள். மாமாதான் சேர்த்துவிட்டாராம். ஒரே இடம் இருந்தது, போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றாள். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மூன்று வரன் வந்து, இவளிடம் கேட்டுவிட்டுப் பதில் வராமல் போய்விட்டதாம். அதைச் சொல்லும்போது பழையபடி சிரித்தாள்.

வேலையில் அவளைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எடையைப் பார்ப்பாள், சீட்டைப் பார்ப்பாள், எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று மெஷினில் போடுவாள். ஒரு தடுமாற்றம் கிடையாது. அப்பாவின் கை நரம்பைத் தடவிப் பார்த்து ஊசி குத்தியது அப்பாவுக்கே தெரியவில்லை. ஒரு கிழவர் இன்றைக்கு இரண்டு மணி நேரத்தோடு விட்டுவிடு என்று கெஞ்சினார். நாலு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் அவள் விடவில்லை. வராமல் போகிற நோயாளிகளின் வீட்டுக்குத் தானே போன் செய்வாளாம், வரும்வரை விட மாட்டாளாம் என்று பக்கத்துப் படுக்கையில் இருந்தவரின் மனைவி சொன்னார்.

வெளியே டீக்கடைக்குப் போனோம். டீயா காபியா என்று கடைக்காரர் கேட்டதும் அவள் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு டீ என்றேன்.

கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். அப்புறம் சாதாரணமாக, நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி கேட்டாள். “அன்னிக்கி நா கேட்டப்ப நீ சொல்லல. சொல்லியிருந்தா எத சொல்லியிருப்ப?”

“பக்கத்துல இருக்கறத.”

தலையாட்டினாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவேயில்லை.

“நானும் ரெண்டையும் போட்டுப் போட்டு பாத்துட்டேன். பக்கத்துல சேந்திருந்தா நானே அம்மாவ கூட்டிக்கினு போயிருப்பேன். இன்னிக்கி உயிரோட இருந்திருக்கும். தூரத்துல சேந்திருந்தா, நா பயந்துக்கினு படிப்ப வுட்டுட்டு வந்துடுவேன்னு அம்மா ஒரு நாளு கூட தப்பாம போயிருக்கும். அதுலயும் இருந்திருக்கும். ரெண்டும் சரிதான். நா எடுத்தேன் பாரு, அதுல மட்டுந்தான் செத்துச்சி.”

உள்ளே ஏதோ மெஷின் கூவியது. டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். நான் அங்கேயே நின்றேன். மிச்ச நேரம் முழுக்க அப்பாவின் பக்கத்தில் போய் உட்காரவில்லை. முடிந்து கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை சீக்கிரம் வந்தால் ஜன்னல் பக்கத்துப் படுக்கை கொடுப்பதாக அப்பாவிடம் சொன்னாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவர் விரலை எடுத்து சரியான இடத்தில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போகவில்லை. அப்பாவைக் காஞ்சிபுரத்தில் வேறு ஒரு சென்டருக்கு மாற்றிவிட்டேன். முடிவெடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செங்கல்பட்டு நம்பரிலிருந்து அன்று நாலு தடவை போன் வந்தது, எடுக்கவில்லை. ஏன் மாற்றினாய் என்று அப்பா கேட்டார். பஸ் வசதி என்றேன். புது இடத்தில் ஊசி குத்தினால் அவருக்கு வலிக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் அதை என்னிடம் சொல்கிறார்.